சேயாறும் செங்கண்மாவும்: சொல்லாது ஒழிந்த கூற்று

வரலாற்றாய்வில் முடிபும் அதற்குரிய காரணமும் கூறப்படினும், அவ்விரண்டையும் பிணிக்கும் கூற்று பலவிடத்தும் கூறப்படாது ஒழிகின்றது. கூறியதனோடு முரணாதவாறு கூறாததனை நிரப்பிக்கொள்ளுதலைத் தொல்காப்பிய மரபியல் 32 உத்திகளுள் ஒன்றாக வைத்தது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள், அனுமான உறுப்பு ஐந்தனுள் உபநயம், நிகமனம் இரண்டையும் திட்டாந்தத்துள் அடக்கி மூன்றாகக் கொள்வர். எனவே உறுப்பைச் சுருக்குதல் குற்றமன்று. சுருக்கியதனை விரித்து ஆராயாமையே குற்றம். சவ்வாதுமலைச் சாரல் பற்றிய முடிபொன்றை இந்நெறியால் ஈண்டுக் காண்பாம்.

பத்துப்பாட்டுள் 583 அடிகளையுடைய மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் நன்னன் சேய் நன்னனைப் பாடியது. அவன் மலை நவிரம் என்றும், அவன் நாட்டு ஆறு சேயாறு என்றும் பாட்டால் அறிகின்றோம். சவ்வாதுமலையில் தோன்றும் செய்யாறு செங்கத்தின் வழியே ஓடிப் பாலாற்றிற் கலக்கின்றது. ஆகலின் நன்னன் ஊர் செங்கமே என்பர்.

இவ்வாதம் நிறைவுற இரண்டு கூற்றுகள் வேண்டும். ஒன்று, பாட்டின் சேயாறே இன்றைய செய்யாறு என்பது. பெயரொப்புமை மட்டும் இதனை நிறுவாது. ஏழில்மலைக்குரிய நன்னன் வேறொருவனும் சங்கப் பாடல்களில் உளன். பெயர் ஒன்றாயின் பொருளும் ஒன்றே என்னும் விதி இல்லை. ஆயினும், நஞ்சுண்ட கடவுள் உறைவதாகக் கூறப்படும் நவிரத்திற்கு ஏற்ப, உச்சியிற் சிவன் கோயிலுடைய பருவதமலை அவ்வாற்றுப் புறத்தே நிற்கின்றது. ஆறும் மலையும் ஒருங்கு பொருந்துதல் இக்கூற்றுக்கு வலிமை தரும்.

மற்றொன்று, அவ்வாற்றங்கரையில் நன்னன் ஊராதற்குரியது செங்கம் ஒன்றே என்பது. நெடுந்தொலைவு ஓடும் ஆற்றின் கரையில் ஊர்கள் பல. ஆகலின் இதற்கு ஆறு சான்றாகாது. செங்கண்மா என வெளிப்படச் சுட்டும் பழங்குறிப்பே சான்றாகும்.

நடுகற்களைக் காட்டும் வாதமோ நில்லாது. கூத்தர் செல்லும் வழியில் நடுகற்கள் உள்ளமையைப் பாட்டுக் கூறும். செங்கம் வட்டாரத்தில் அவை மிகுதி. தொல்லியல் துறை 1972இல் அவற்றை நூலாக வெளியிட்டது. ஆயின் ஒழிந்த கூற்று, 'நடுகல் உள்ள இடமெல்லாம் நன்னன் நாடு' என்பதாகும். தருமபுரிப் பகுதியிலும் நடுகற்கள் பல உளவாகலின் அது பொய்யாம். மேலும், செங்கத்துக் கற்களுட் பல பல்லவர் ஆட்சியாண்டு பொறித்தவை, பாட்டிற்குப் பிற்பட்டவை.

எனவே, பாட்டு நமக்குத் தருவது நாடு. ஊரைத் தருவது குறிப்பு. இரண்டையும் ஒரே சான்றாகக் கலந்துரைப்பின், பிற்காலத்தார் கூற்றைப் புலவர் வாய்மொழியாகக் கொள்ளும் பிழை நேரும்.