தென்சென்னை ஆய்வுக்கூடங்களின் மக்கள் விழாக்கள்

மயிலாப்பூரில் தொடங்கி அடையாறு, தரமணி, பள்ளிக்கரணை வழியே தாம்பரம் வரை நீளும் தென்சென்னையில் அறிவியல் ஆய்வு நிறுவனங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இவை பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் தொழில் செய்வோருக்கும் நடத்திவரும் சொற்பொழிவுகள், திறந்த நாள்கள், கூடல்கள், கண்காட்சிகள் ஆகியவற்றுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. கணித அறிவியல் நிறுவனம், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஆகிய நான்கும் இவ்வரலாற்றில் முக்கியமானவை. ஆராய்ச்சியும் ஊரும் சந்தித்த இடங்களில்தான் இந்நிறுவனங்கள் வேர் பிடித்தன. அவற்றில் ஒன்று பிறந்ததே ஒரு வீட்டில் நடந்த கருத்தரங்கில்தான்.

முன்னோடிகள்

ஆய்வுக்கூடத்தின் கதவைப் பொதுமக்களுக்குத் திறக்கும் வழக்கத்துக்கு லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் முதன்மையான எடுத்துக்காட்டு. மைக்கேல் பாரடே 1825-இல் அங்கே வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைத் தொடங்கிவைத்தார். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளும் அதே ஆண்டில் தொடங்கின. இந்தியாவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் பொதுச் சொற்பொழிவுகளையே தன் முதல் பணியாகக் கொண்டது. 1907-இல் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்ற சி. வி. ராமன், அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் ஆய்வு செய்தது அந்தக் கழகத்தில்தான். ‘ராமன் விளைவு’ எனப்படும் அவரது ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பும் அங்கேயே நிகழ்ந்தது.

வீட்டில் பிறந்த நிறுவனம்

சென்னையின் கதை மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இருந்த ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற வீட்டில் தொடங்குகிறது. அரசியல் சாசன வரைவுக் குழு உறுப்பினரான அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் இல்லம் அது. அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கித் திரும்பியவர், அங்கே கண்ட கருத்தரங்கு முறையைத் தன் வீட்டிலேயே தொடங்கினார். புத்தம்புதிய இயற்பியல் கருத்துகளை மாணவர்கள் அந்த வீட்டில் கூடி விவாதித்தார்கள். சென்னைக்கு வந்த வெளிநாட்டு இயற்பியலாளர்களும் அங்கே வந்து பேசினார்கள்.

1960 ஜனவரியில் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தார். பம்பாயில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பிரமாண்டமான ஏற்பாடுகளும், சென்னையில் ராமகிருஷ்ணனைச் சுற்றியிருந்த சிறு மாணவர் குழுவும் தன்னைக் கவர்ந்ததாக அவர் சொன்னது செய்தியானது. அதன்பின் சென்னை மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் அந்த மாணவர்கள்மீது அக்கறை காட்டினார். 1961-இல் சென்னை வந்த பிரதமர் நேருவும் அவர்களைச் சந்தித்தார். 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடக்கம் கண்டது. விழாவில் பங்கேற்ற வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் அதே கல்லூரியின் பழைய மாணவர். 1969-இல் நிறுவனம் தரமணியில் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

கட்டடம், பணம், பதவி எல்லாம் பிறகு வந்தவை. கூடிப் பேசும் பழக்கம்தான் முதலில் இருந்தது. தென்சென்னையின் அறிவியல் விழாக்களைப் பற்றிப் பேசும் எவரும் இந்த வரிசையை நினைவில் கொள்வது நல்லது.

தோல் தொழிலும் ஆய்வுக்கூடமும்

அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் தொடங்கப்பட்டது. அதற்கும் தென்புறநகருக்கும் நெருக்கமான உறவு உண்டு. குரோம்பேட்டையின் பெயரே அங்கிருந்த குரோம் தோல் ஆலையால் வந்தது. புறநகரான பொழிச்சலூரை ஒட்டிய பம்மல், அதற்கடுத்த நாகல்கேணி, பல்லாவரம் ஆகிய இடங்களில் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் பல தலைமுறைகளாக இயங்கிவருகின்றன. தமிழகத்தின் பழைய முறையில் ஆவாரம்பட்டைச் சாறு நிரம்பிய தொட்டிகளில் தோலை வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். குரோம் உப்பைச் சேர்த்துச் சுழலும் பீப்பாய்களில் பதனிடும்போது ஏறக்குறைய ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். வேகம் கூடியபோது கழிவுநீர்ச் சிக்கலும் கூடவே வந்தது.

1958-இல் இந்நிறுவனத்தின் இயக்குநரான ஒய். நாயுடம்மா, ஆய்வின் பலன் பதனிடுபவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். விஞ்ஞானிகளையும் தொழில் செய்வோரையும் ஒரே அரங்கில் உட்காரவைக்கும் ‘லெரிக்’ என்ற ஆண்டுக் கூடல் அந்த நோக்கத்தின் தொடர்ச்சி. சென்னையில் சர்வதேசத் தோல் கண்காட்சி நடக்கும் ஜனவரி இறுதி, பிப்ரவரித் தொடக்க நாள்களை ஒட்டி இது நடப்பது வழக்கம். புதிய பதனிடும் முறை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, ஏற்றுமதித் தரம் என்று தொழிலின் அன்றாடக் கவலைகள் அங்கே பேசப்படுகின்றன.

திறந்த நாள்கள்

அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு 1942 செப்டம்பர் 26 அன்று நிறுவப்பட்டது. அந்த நாளை ஒட்டி அக்குழுவைச் சேர்ந்த ஆய்வகங்கள் மாணவர்களை உள்ளே அழைத்துக் கருவிகளைக் காட்டுகின்றன. அடையாற்றின் தோல் நிறுவனமும் தரமணியின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் இவ்வகையில் சேரும். ராமன் தன் கண்டுபிடிப்பை நிகழ்த்திய பிப்ரவரி 28-ஆம் நாள் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆய்வகத்துக்குள் பள்ளிப் பிள்ளைகள் நுழைவதற்கு இந்த இரண்டு தேதிகளும் நிலையான வாசல்களாகிவிட்டன.

பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1993 நவம்பரில் தோன்றியது. நிறுவன நாளை ஒட்டி இங்கும் திறந்த நாள் நடத்தப்படுவதுண்டு. மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்ல வடிவமைக்கப்பட்ட ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கி இந்நிறுவனத்தின் திட்டம். ஆட்கள் அமரும் பகுதி டைட்டானியத்தால் ஆன கோளம். அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் நிலத்தில் நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 600 மடங்கு. அதை எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்கக் கோள வடிவமே ஏற்றது என்பதை ஒரு பள்ளி மாணவிக்குப் பொறியாளர் நேரில் விளக்க முடிவதே திறந்த நாளின் பயன்.

தெருவுக்கு வந்த அறிவியல்

1980-இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் முன்னணியில் இருந்து உழைத்திருக்கிறார்கள். 1987-இல் நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து புறப்பட்டு நவம்பர் 7 அன்று போபாலில் முடிந்த அகில இந்திய அறிவியல் கலைப்பயணம் ஒரு திருப்புமுனை. நாடகமும் பாட்டும் அறிவியலை ஊர்ப் பொதுவிடங்களுக்குக் கொண்டுவந்தன. சிறுவர் அறிவியல் இதழான ‘துளிர்’ அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. கணித அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த ஆர். ராமானுஜம் அறிவியல் பரப்பலுக்கான இந்திரா காந்தி பரிசைப் பெற்றவர்.

இந்த மரபின் பலனை 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று தமிழகமெங்கும் காண முடிந்தது. கோவை, திண்டுக்கல் பகுதிகளில் அது வளைய கிரகணமாகத் தெரிந்தது. சென்னையில் பகுதி கிரகணம். அட்டையில் சிறு துளையிட்டுச் சூரியனின் பிம்பத்தைத் தரையில் விழவைத்தால் பிறை வடிவம் தெரியும். மரத்தின் இலை இடுக்குகளே அத்தகைய துளைகளாகி நிழலெங்கும் பிறைகளை இறைக்கும். செலவே இல்லாத இந்தச் சோதனையை வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம்.

சபாவில் அறிவியல்

2016-இல் கணித அறிவியல் நிறுவனம் ‘சயின்ஸ் அட் தி சபா’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. இடம் மியூசிக் அகாடமி. மார்கழிக் கச்சேரிகள் ஓய்ந்தபின் ஒரு மாலைப்பொழுதில் சில விஞ்ஞானிகள் அடுத்தடுத்துப் பேசுவார்கள், அனுமதி இலவசம். ராமன் விளைவும் மியூசிக் அகாடமியும் 1928-இல் பிறந்தவை. சபாவுக்கும் இயற்பியலுக்கும் இன்னொரு பழைய உறவும் இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் கல்பொடியும் சோறும் குழைத்துப் பூசும் கரணையால்தான் அதன் ஒலிகள் ஒன்றோடொன்று இசைவாக அமைகின்றன என்று ராமன் 1920-இலேயே ஆராய்ந்து எழுதினார். பக்கத்து இருக்கைக்காரரோடு ராகம் பற்றி வாதிட்டுப் பழகிய சென்னை ரசிகர்களுக்கு, உரை முடிந்ததும் கேள்வி கேட்பது இயல்பாகவே வருகிறது.

வெளிநாட்டு ஆய்வகங்களும் கலையோடு கைகோத்திருக்கின்றன. அமெரிக்காவின் பெர்மிலேப் தன் வளாக அரங்கில் இசை, நாட்டிய நிகழ்ச்சிகளை நடத்தியிருக்கிறது. ஜெனீவாவின் செர்ன் வளாகத்தில் இந்திய அரசு பரிசளித்த நடராசர் சிலை 2004 முதல் நிற்கிறது. 2019 செப்டம்பரில் செர்னின் இரண்டு திறந்த நாள்களுக்குச் சுமார் 75,000 பேர் வந்தார்கள்.

தாம்பரமும் பொழிச்சலூரும்

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை 2005 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அகத்தியர் பிறந்ததாகக் கருதப்படும் மார்கழி ஆயில்யம் 2018 முதல் சித்த மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. பொழிச்சலூரின் பழைய சிவன் கோயிலும் அகத்தியர் பெயரால் அகத்தீஸ்வரர் கோயில் என்றே வழங்குகிறது.

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் மாணவர்களுக்கு இந்த நிறுவனங்கள் எட்டாத தூரத்தில் இல்லை. பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை பள்ளிக்கரணைப் பக்கத்துக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கொண்டுபோய் விடும். சித்த மருத்துவ நிறுவனம் சானடோரியம் மின்சார ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. மொழிதான் பெரிய தடை: சபா உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைகின்றன. அறிவியல் இயக்கம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழில் செய்துவரும் பணியை ஆய்வகங்களும் தங்கள் மேடைகளில் ஏற்றால், திறந்த நாளில் வரிசையில் நிற்கும் புறநகர் அரசுப் பள்ளி மாணவர்கள் இன்னும் கூடுதலாகக் கேள்விகள் கேட்பார்கள். பிப்ரவரி 28, செப்டம்பர் 26, நவம்பரின் கடல் நிறுவன நாள், மார்கழி ஆயில்யம் ஆகிய நான்கையும் தன் நாட்காட்டியில் குறித்துவைக்கும் ஒரு தலைமையாசிரியர், ஒரே கல்வியாண்டில் ஒளியியல், பொறியியல், கடலியல், மருத்துவம் ஆகிய நான்கு துறைகளையும் தன் மாணவர்களுக்கு நேரில் காட்டிவிட முடியும்.