நோயாளி வீட்டுக்குப் போன சிறுவர்கள்



"கிட்டே போகாதே, ஒட்டிக்கும்!" என்று நோயாளியை ஒதுக்குவது இன்று நேற்று வந்த வழக்கமா? இல்லை. முதல் நூற்றாண்டிலும் தொழுநோயாளி ஊருக்கு வெளியேதான் கிடந்தான். அவனை இயேசு கைநீட்டித் தொட்டார் என்கிறது நற்செய்தி. ஒருவர் நோயில் படுத்தால் மூப்பர்கள் வந்து, எண்ணெய் பூசிச் செபிக்க வேண்டும் என்கிறது யாக்கோபின் கடிதம். சுமார் கி.பி. 260இல் அலெக்சாந்திரியாவைக் கொள்ளைநோய் தாக்கியது. நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்த கிறிஸ்தவர் பலர் தாங்களும் மாண்டதை அந்நகர ஆயர் தியோனீசியுஸ் எழுதி வைத்தார்.

அந்த வழக்கம் தமிழ்க் கடற்கரையிலும் நடந்தது தெரியுமா? 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"வீட்டுல சீக்காளி, வந்து செபிங்க சாமி" என்று நாலு பக்கமும் அழைப்பு. ஒரே ஆள் எத்தனை வீட்டுக்குப் போவார்? செபம் கற்ற சிறுவர்களையே அனுப்பினார். வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் கூடி, அவர்களோடு சேர்ந்து செபித்தார்கள். பலர் குணமடைந்தார்கள் என்று 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதினார். 1552இல் நம் சிங்கப்பூர் நீரிணை வழியாகச் சென்றபோது எழுதிய கடிதங்களும் உள்ளன.

குணமானது எதனால்? வரலாற்றால் அதை அளந்து சொல்ல முடியாது. ஆனால் அந்த நோயாளி தனியே கிடக்கவில்லை, இது உறுதி.

அதே அன்பு மருந்தையும் தேடியது. கி.பி. 370ஐ ஒட்டிய ஆண்டுகளில் செசரேயா நகருக்கு அருகே ஆயர் பசீல் பெரிய மருத்துவ இல்லம் அமைத்தார். அங்கே மருத்துவர்கள் இருந்தார்கள். தொழுநோயாளிக்கும் இடம் கிடைத்தது. ஆகவே செபமும் சிகிச்சையும் பகையல்ல.

பெற்றோர்களே, எந்தச் சமயமானாலும் வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் "மந்திரிச்சா போதும்" என்று பிள்ளையின் காய்ச்சலை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீங்க, டாக்டரிடம் காட்டுங்க.

மாணவர்களே, அன்று நோயாளி வீட்டுக்குப் போனவர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள். நம் உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் தனியாகப் படுத்திருக்கும் தாத்தா பாட்டிமார் உண்டு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய், "எப்படி இருக்கீங்க தாத்தா?" என்று கேளுங்கள். அந்த ஒரு சொல்லும் பெரிய மருந்துதான்.