மாதுங்காவில் ஒரு வாடகை வீடு

குழந்தைகளுடன் புதிய நகருக்குக் குடிபெயர்வோர் முதலில் வினவுவது குடிக்கூலி எவ்வளவு என்பதே. பம்பாய் மாதுங்காவின் வரலாறு வேறொரு வினாவைக் கற்பிக்கிறது.

1896-இல் அந்நகரைப் பிளேக் நோய் வாட்டியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளைச் சீர்செய்ய, 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றியது. நகரின் வடபால் தாதர், மாதுங்கா பகுதிகளில் அது அகன்ற வீதிகளையும் பூங்காக்களையும் வகுத்தது. உத்தியோக நிமித்தம் வந்த தமிழர் பலர், கோட்டைப் பகுதி அலுவலகங்கள் தொலைவாயினும், ரயில் வசதியுள்ள மாதுங்காவையே நாடினர்.

குழந்தைகளுக்குக் காற்று கிடைத்தது, கல்விக்கு வழி? 1932-இல் தென்னிந்தியர் ஒன்றுகூடி, அங்கேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினர்.

நேயர்களே, நல்ல பேட்டையைத் தேடி வந்தவர்களே அதனை மேலும் நல்லதாக்கினர். குழந்தை நடந்துசெல்லும் தொலைவில் பள்ளி உண்டா? இல்லையெனில், அண்டை வீட்டாருடன் கூடி அமைக்க இயலுமா? வீடு பார்க்கும்போது வினவவேண்டியது இதுவே.