கால் போன பிறகு முழங்கால்

ஜெய்ப்பூர் கால் எண்டால் எங்கட பக்கத்தில ஆருக்கும் விளங்கும். அந்தப் பெயர் எப்படி வந்தது எண்டு கேட்டால்தான் முழிப்பம்.

1968 அளவில், ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் வைத்தியசாலையில் கால் இழந்தவர்களுக்குக் கிடைத்தது மேற்கு நாட்டுப் பாணிக் கால். சப்பாத்துப் போட்டால்தான் அதோட நடக்கலாம். குந்த ஏலாது, சப்பாணி கட்டி இருக்க ஏலாது, வயல் சேற்றில் இறங்கவும் ஏலாது. கனபேர் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டார்கள். இதைக் கவனித்தவர் ராம் சந்திர சர்மா, பெரிய படிப்பில்லாத ஒரு கைவினைஞர். சைக்கிள் ரயர் ஒட்டுற கடையில்தான் அவருக்கு றப்பர் யோசனை வந்தது எண்டு ஒரு கதை சொல்லுவினம். எலும்பு வைத்தியர் பி. கே. சேத்தியோடு சேர்ந்து, வெறுங்காலோடு நடக்கக்கூடிய, வளைந்து கொடுக்கிற றப்பர் பாதத்தை அவர் செய்தார். 1981இல் மகசேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. சர்மா? அவரைப் பற்றி உலகம் மெதுவாகத்தான் கதைக்கத் தொடங்கியது.

1987இல் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் வந்தது. மிதிவெடிக் காலம் அது.

ஆனால் குந்துவதற்குப் பாதம் மட்டும் போதாது, முழங்கால் வேணும். அதனால்தான் கால் எடுக்கும்போது முடிந்தவரை முழங்காலுக்குக் கீழேயே வெட்டப் பார்க்கிறார்கள். 1990இல் 20 வயதில் கால் போனவர் இப்ப 50ஐத் தாண்டிவிட்டார். இத்தனை வருசம் கூடுதல் பாரம் சுமந்தது மற்றக் கால். மூட்டு முதலில் தேய்வதும் பெரும்பாலும் அந்தக் காலில்தான். அதில் செயற்கை மூட்டு வைத்தால், முதல் கிழமைகளில் செயற்கைக் காலை நம்பித்தான் எழும்ப வேணும்.

வெட்டிய பக்கத்து முழங்கால் தேய்ந்தால் விசயம் இன்னும் சிக்கல். மூட்டு மாற்று முறைகள் 1960களின் கடைசியிலும் 70களிலும் உருவானவை, இரண்டு காலும் உள்ளவர்களை மனதில் வைத்து. எலும்பை நேராக வெட்ட, வைத்தியர் வழமையாகக் கணுக்காலை அடையாளமாக வைப்பார். இங்கே கணுக்காலே இல்லை. மிஞ்சிய எலும்பின் முன்விளிம்பையும் எக்ஸ்றேயையும் வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேணும். இப்படியான சத்திரசிகிச்சைகள் உலகத்திலேயே குறைவு.

செய்த பிறகும் காயம் ஆறி வீக்கம் வத்தும்வரை செயற்கைக் காலைப் போட ஏலாது. அதுக்குள்ள மிஞ்சிய காலின் உருவமும் மாறிவிடும், பழைய உறை இறுக்கும் அல்லது கழரும். அப்ப திரும்பவும் சர்மா மாதிரி ஒராள் வேணும், அளவெடுத்து புது உறை செய்ய.