வாரண்டி அட்டையும் விற்றவர் பொறுப்பும்

லண்டனின் சவுத்தால் பிராட்வேயில் வாங்கிய ஹார்ட் டிஸ்க் சில மாதங்களில் பழுதாகிறது. "கீழே விழுந்து அடிபட்டிருக்கிறது" என்று சொல்லித் தயாரிப்பு நிறுவனம் வாரண்டியை மறுக்கிறது. வழக்கு இத்துடன் முடிந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் வாரண்டி என்பது தயாரிப்பாளர் தாமாக முன்வந்து தரும் வாக்குறுதி மட்டுமே. விற்ற கடைக்காரர்மீது சட்டம் சுமத்தியிருக்கும் பொறுப்பு வேறு. இந்த இரண்டும் பிரிந்து நிற்க எண்பது ஆண்டுகள் ஆயின.

மெக்கன்சி சால்மர்ஸ் வரைந்த பிரிட்டனின் 1893ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், கடையில் விற்கும் சரக்கு விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்றது. இலங்கையின் 1896ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் வார்ப்புகளே. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதி அந்தப் பொறுப்பை விலக்கிக்கொள்ளவும் 55ஆம் பிரிவு இடம் கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கியாரண்டி அட்டைகள் இதை நன்றாகவே பயன்படுத்தின. பெரிய எழுத்தில் இலவசப் பழுதுபார்ப்பு; பொடி எழுத்தில் சட்டம் தந்த உரிமைகள் பறிபோயின. பஞ்சாபிலிருந்து தொழிலாளர்கள் சவுத்தாலில் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. ஆங்கிலமே புதிதான குடும்பங்களுக்கு அந்தப் பொடி எழுத்து எட்டியிருக்க வழியில்லை.

நுகர்வோர் பாதுகாப்பை ஆராய்ந்த மோலனி குழு 1962இல் இந்த வழக்கத்தைக் கண்டித்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோர் விற்பனையில் அதைத் தடை செய்தது. வழக்கறிஞர் இல்லாமலே சிறு தொகைக்கு வழக்காடும் முறையும் அதே ஆண்டில் கவுண்டி நீதிமன்றங்களில் தொடங்கியது. உரிமையைவிட இதுவே பெரிய மாற்றம் எனலாம். முறையிட இடமில்லாத உரிமையால் யாருக்கும் பயனில்லை. 2013 முதல் இங்கிலாந்தில் இந்தச் சிறு வழக்கு முறையின் வரம்பு 10,000 பவுண்டு.

வாரண்டி அட்டையை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதை ஹார்ட் டிஸ்க் வரலாறே காட்டுகிறது. ஐபிஎம்மின் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி பெருமளவில் பழுதாகி 2001இல் அமெரிக்காவில் வழக்கானது. 2002 அக்டோபரில் மேக்ஸ்டர், சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் மூன்றும் பல டிஸ்க்குகளின் வாரண்டியை மூன்றாண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தன. 2004இல் சீகேட் ஐந்தாண்டு தந்தது. 2011 தாய்லாந்து வெள்ளத்துக்குப் பின் மீண்டும் குறைத்தது. சட்டமோ எதிர்த்திசையில் போனது. வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது விற்றவர் பாடு. 2003இல் வந்த இவ்விதி 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்திலும் தொடர்கிறது. முதல் 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். அதன்பின் ஒருமுறை பழுதுபார்த்தோ மாற்றித் தந்தோ சரியாகாவிட்டாலும் பணம் கேட்கலாம். ஆறு மாதம் கடந்தால் நிரூபிக்கும் சுமை வாங்கியவருக்கு மாறும். வழக்கு தொடர இங்கிலாந்தில் ஆறு ஆண்டு அவகாசம் உண்டு.

அடிபட்ட டிஸ்க் விஷயத்தில் சண்டை முழுவதும் சான்றைப் பற்றியதே. உறையில் நசுங்கல் இருக்கிறதா, இணைப்பு முனை உடைந்திருக்கிறதா, அது திருப்பி அனுப்பிய வழியில் நேர்ந்ததா என்பவையே கேள்விகள். அனுப்பும் முன் எடுத்த படங்கள், பொதி கட்டிய விதம், சார்பில்லாத நிபுணரின் அறிக்கை ஆகியவை இங்கே கைகொடுக்கும். விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அந்தக் கார்டைத் தந்த நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. கடையின் சிசிடிவிக்காக டிஸ்க் வாங்கும் சவுத்தால் வணிகருக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அவருக்கு 1979ஆம் ஆண்டு விற்பனைச் சட்டம் உண்டு. விற்றவர் பொறுப்பைத் துறக்கும் நிபந்தனை நியாயமானதா என்பதை 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் எடைபோடும்.