சீட்டும் விலையும்: அமெரிக்கத் தள்ளுபடி அங்காடிகளில் கூப்பன் முறையின் வரலாறு

முன்னுரை

அமெரிக்க ஒன்றிய நாடுகளின் சில்லறை வணிகத்தில் கூப்பன் எனப்படும் தள்ளுபடிச் சீட்டு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நுகர்வோரின் சிக்கனக் கருவியாகக் கருதப்பட்டு வருகிறது. நாளிதழிலிருந்து கத்தரித்தெடுத்த சீட்டைக் கொடுத்து விலையில் சில சென்ட்டுகளைக் குறைத்துக்கொள்வது இல்லத்தரசியின் திறமையாகப் போற்றப்பட்டது. ஆயின், பொருளின் விலையை நேரடியாகக் குறைக்காமல் அச்சிட்ட தாள் ஒன்றின் வழியாகக் குறைப்பதற்கு உற்பத்தியாளர்கள் முன்வந்தது ஏன் என்னும் வினா எழுகிறது. சிக்கனத்தைவிட, விலையை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு உரியது என்னும் போட்டியே கூப்பனின் வரலாற்றை இயக்கியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கூப்பனின் தோற்றம்

1880களின் இறுதியில் அட்லாண்டா நகரில் ஆசா கேண்ட்லர் கோக்க கோலா பானத்திற்கான இலவசச் சீட்டுகளை வழங்கினார். 5 சென்ட் விலையுள்ள ஒரு குவளைப் பானத்தை மருந்துக்கடையில் விலையின்றிப் பெற அச்சீட்டு உதவியது. கடைக்காரருக்குரிய தொகையை நிறுவனமே ஈடுசெய்தது. பின்னர் சி. டபிள்யூ. போஸ்ட், தம் தானிய உணவுக்கு 1 சென்ட் தள்ளுபடிச் சீட்டை அளித்தார். இரண்டிலும் அமைப்பு ஒன்றே: உற்பத்தியாளர் கடைக்காரரைக் கடந்து நுகர்வோரை நேரடியாக அணுகுகிறார், கடைக்காரர் இடையில் நின்று சீட்டைப் பெற்றுத் திருப்பியனுப்பும் முகவராகிறார். விலையை மட்டும் குறைத்திருந்தால் அக்குறைப்பைக் கடைக்காரர் தம் இலாபமாக்கிக்கொள்ள இயலும். சீட்டு அவ்வழியை அடைத்தது.

இதற்கு இணையாக, 1896இல் தொடங்கப்பட்ட ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனத்தின் பச்சை வில்லைகள் கடைக்காரரின் கருவியாக விளங்கின. அவற்றை வழங்கும் கடைகளில் தொடர்ந்து வாங்குவோர்க்கே அவை பயன்பட்டன. இவ்வில்லைகளைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் இயற்றிய சட்டங்களின் எச்சமே, இன்றும் பல கூப்பன்களில் ‘பண மதிப்பு ஒரு சென்ட்டின் நூறில் ஒரு பங்கு’ என்றாற்போல அச்சிடப்படும் குறிப்பு.

சட்டமும் தள்ளுபடி அங்காடியும்

1936ஆம் ஆண்டின் ராபின்சன்–பாட்மன் சட்டம், பெருங்கடைத் தொடர்களுக்கு மட்டும் உற்பத்தியாளர் தனிச்சலுகை விலை வழங்குவதைக் கட்டுப்படுத்தியது. 1937ஆம் ஆண்டின் மில்லர்–டைடிங்ஸ் சட்டம், சில்லறை விலையின் கீழ்வரம்பை உற்பத்தியாளரே நிறுவும் மாநிலச் சட்டங்களுக்கு வழிவிட்டது. சிறுகடைகளைக் காத்தல் இவற்றின் நோக்கம். இவ்வேலியைத் தாண்டியே தள்ளுபடி அங்காடிகள் வளர்ந்தன. 1962ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. மார்ச்சில் மிச்சிகனின் கார்டன் சிட்டியில் கேமார்ட்டும், மே மாதத்தில் மினசோட்டாவின் ரோஸ்வில்லில் டார்கெட்டும், ஜூலையில் ஆர்கன்சாவின் ராஜர்ஸில் வால்மார்ட்டும் தம் முதல் அங்காடிகளைத் திறந்தன. கீழ்வரம்பு விலைச் சட்டங்களுக்கான ஒன்றிய அரசின் இசைவு 1975இல் நீக்கப்பட்டது.

‘எந்நாளும் குறைந்த விலை’ என்னும் வால்மார்ட்டின் கொள்கை, கூப்பனின் அடிப்படைக்கு முரணானது. முன்னதில் அனைவர்க்கும் ஒரே விலை. பின்னதில் சீட்டு உள்ளவர்க்கு ஒரு விலை, இல்லாதவர்க்கு வேறொரு விலை. எனினும் தள்ளுபடி அங்காடிகள் உற்பத்தியாளரின் கூப்பன்களை ஏற்றன. தள்ளுபடித் தொகையை உற்பத்தியாளர் திருப்பித் தருவதுடன், சீட்டைக் கையாளச் சிறு கட்டணமும் தருவதே காரணம். ஏற்கெனவே குறைந்த விலையின்மேல் சீட்டின் தள்ளுபடியும் சேர்ந்தமையால், கூப்பன் சேகரிப்போர்க்கு இவ்வங்காடிகள் உகந்த களமாயின. 1972 முதல் ஞாயிறு நாளிதழ்களின் இணைப்பாக வந்த கூப்பன் மடிதாள்களும், 1974 ஜூன் 26 அன்று ஒகையோவின் டிராய் நகரில் முதன்முதலாக வருடப்பட்ட பட்டைக்குறியீடும் இம்முறையை விரிவாக்கின.

உழைப்பு என்னும் விலை

1984இல் சக்ரவர்த்தி நரசிம்மன் ‘மார்க்கெட்டிங் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, கூப்பனை விலை வேறுபடுத்தும் கருவியாக விளக்கியது. விலை மாற்றத்தைக் கூர்ந்து நோக்குவோர் கூப்பனைப் பயன்படுத்துவர். நேரத்தை மதிப்புமிக்கதாகக் கருதுவோர் முழுவிலையைத் தருவர். இவ்விளக்கத்தின்படி, சீட்டைத் தேடல், கத்தரித்தல், வகைப்படுத்தல், காலாவதி நாளை நினைவில் கொள்ளல் ஆகிய தொல்லைகள் முறையின் குறைபாடுகள் அல்ல. அவையே முறையை இயங்கச் செய்யும் சல்லடை. அச்சிடப்பட்டவற்றுள் நூற்றுக்கு இரண்டளவே 1990களின் நடுவில் கடைகளுக்குத் திரும்பின என்பது அச்சல்லடையின் நுண்மையைக் காட்டும். இல்லத்தரசியின் சேமிப்பாகப் போற்றப்பட்டதில் ஒரு பகுதி, கணக்கில் வாராத அவர்தம் உழைப்பிற்கான கூலியே ஆகும்.

நீக்க முயன்ற இரு நிகழ்வுகள்

1996இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ, ராச்செஸ்டர், சிராகியூஸ் முதலிய நகர்ப் பகுதிகளில் கூப்பன்களை நிறுத்திப் பட்டியல் விலையைக் குறைக்கும் சோதனையில் இறங்கியது. பிற உற்பத்தியாளர் சிலரும் கூப்பன்களைக் குறைத்தனர். மக்களின் எதிர்ப்புக் கிளம்பியது. சோதனை 1997இல் கைவிடப்பட்டது. போட்டித்தடை குறித்து விசாரித்த மாநில அரசுத் தலைமை வழக்கறிஞருடன், நிறுவனங்கள் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 42 லட்சம் டாலருக்கு உடன்பாடு கண்டன. அத்தொகை நுகர்வோர்க்குக் கூப்பன்களாகவே வழங்கப்பட்டது.

2012இல் ஜே. சி. பென்னி கடைத்தொடரின் தலைவர் ரான் ஜான்சன் கூப்பன்களையும் அடிக்கடி நிகழ்ந்த தள்ளுபடி விற்பனைகளையும் நீக்கி நிலையான விலையை அறிமுகப்படுத்தினார். அவ்வாண்டில் விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வீழ்ந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியிழந்தார். இவ்விரு நிகழ்வுகளையும் மக்களின் அறியாமைக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. அறிவிக்கப்பட்ட குறைந்த விலை நாளை உயரக்கூடும். அதனைத் தடுக்கும் ஆற்றல் நுகர்வோரிடம் இல்லை. கையிலுள்ள சீட்டோ காலாவதியாகும் வரை அவருக்குரிய உறுதிமொழி. விலையின்மீது தமக்கிருந்த சிறு பிடியை இழக்க அவர்கள் மறுத்தனர் என்பதே பொருத்தமான விளக்கம்.

முடிவுரை

இன்று தாள் சீட்டின் இடத்தைக் கைப்பேசிச் செயலி பெற்றுவருகிறது. முன்பு தள்ளுபடியின் வாயிலில் நேரமும் உழைப்பும் நின்றன. இப்போது கருவியும் இணைய இணைப்பும் தன்விவரங்களைத் தர இசைவும் நிற்கின்றன. தேவை மிகுந்த முதியோரும் வறியோரும் முழுவிலை தரும் நிலை இதனால் உருவாகிறது. மின்வழித் தள்ளுபடிகளைத் தாள் வடிவிலும் அளிக்குமாறு மளிகைக் கடைகளைப் பணிக்கும் சான்டியேகோ மாநகர மன்றத்தின் 2025ஆம் ஆண்டு விதி, இச்சிக்கலுக்கான எதிர்வினையாகும். சல்லடையின் வடிவம் மாறினும் அதன் வேலை மாறவில்லை. ஆகவே, கூப்பனால் எவ்வளவு சேமிக்கப்பட்டது என்று கணக்கிடும் ஆய்வுகள், அச்சேமிப்பிற்கு வெளியே நிறுத்தப்பட்டோர் யாவர் என்பதையும் உடன் கணக்கிடுதல் வேண்டும்.