கறுப்பா, பிரவுனா? - ஷூ நிறத்தின் கதை

2016 செப்டம்பரில் பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதலீட்டு வங்கிகளில் யாருக்கு வேலை கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று ஆராய்ந்த அறிக்கை அது. பத்திரிகைகள் அதிலிருந்து எடுத்துத் தலைப்பில் போட்ட விஷயம் மதிப்பெண்ணும் அல்ல, ஆங்கிலப் பேச்சும் அல்ல. ஷூ!

சூட் போட்டுக்கொண்டு பிரவுன் ஷூவோடு நேர்முகத் தேர்வுக்கு வருபவரை வங்கி அதிகாரிகள் பலருக்குப் பிடிப்பதில்லையாம். ஆள் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் கறுப்பு ஷூதான் போட வேண்டும் என்று அவருக்கு வீட்டில் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் திறமைக் குறைவால் அல்ல, இப்படிப்பட்ட எழுதாத விதிகள் தெரியாததால் பின்தங்குகிறார்கள் என்றது அறிக்கை.

ஒரு நிறத்துக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? அந்தக் கதையைத் தேடிப் போனால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கிறது. ஜீன்ஸுக்கு எந்த ஷூ, காக்கி பேண்ட்டுக்கு எந்த ஷூ என்று கடையில் நின்று குழம்புகிறார்களே, அந்தக் கேள்விக்கு.

ராஜாவின் சிவப்புக் குதிகால்

ஷூவின் நிறத்தை வைத்து ஆளை எடைபோடுவது புதிய பழக்கம் அல்ல. பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயி சிவப்புக் குதிகால் வைத்த ஷூ அணிவார். 1670களில், அரசவையில் இடம்பெற்ற பிரபுக்கள் மட்டுமே சிவப்புக் குதிகால் போடலாம் என்றே ஆக்கிவிட்டார். 1701இல் ரிகோ வரைந்த மன்னரின் புகழ்பெற்ற ஓவியத்தில் அந்தச் சிவப்பை இன்றும் பார்க்கலாம். காலைப் பார்த்தாலே ஆள் உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துவிடும். அன்றைய ஐடி கார்டு!

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஆண்கள் பளபளப்பை விட்டு அடக்கமான உடைக்கு மாறினார்கள். அந்த மாற்றத்துக்கு லண்டனில் முகமாக இருந்தவர் பியூ பிரம்மல் (1778-1840). கருநீலக் கோட்டு, வெள்ளைக் கழுத்துத் துணி, கண்ணாடி போல மின்னும் பூட்ஸ். ஷாம்பெயின் கலந்துதான் பூட்ஸுக்குப் பாலீஷ் போடச் சொல்வார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்தப் பளபளப்பு ஊர் முழுக்கப் பரவியது. கடன் தாங்காமல் 1816இல் அவர் பிரான்ஸுக்கு ஓடிப்போனதும், அங்கேயே ஏழையாகச் செத்ததும் தனிக் கதை.

லண்டன் சேறும் கறுப்பு மையும்

19ஆம் நூற்றாண்டு லண்டனைக் கொஞ்சம் கற்பனை செய்துபாருங்கள். தெரு முழுக்கக் குதிரை வண்டி. அதனால் சாணி, சேறு. வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. அதனால் புகை, கரி. இந்த ஊரில் வெளிர் நிற ஷூ ஒரு நாள் தாங்காது. கறுப்பு தாங்கும். எலும்புக்கரியும் சர்க்கரைப் பாகும் வினிகரும் கலந்து செய்த 'பிளாக்கிங்' என்ற கறுப்பு மையைத் தடவித் தேய்த்தால் மறுபடி பளபளக்கும்.

அந்த மை ஒரு பெரிய வியாபாரம். 1824இல் வாரன் என்பவரின் மைத் தொழிற்சாலையில், தேம்ஸ் நதிக்கரையில், 12 வயதுப் பையன் ஒருவன் மைக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். வாரச் சம்பளம் 6 ஷில்லிங். அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில். அந்தப் பையன் பெயர் சார்லஸ் டிக்கன்ஸ். பெரிய எழுத்தாளரான பின்பும் அவர் இதை வெளியே சொன்னதில்லை. அவர் இறந்த பிறகு, நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. கனவான்களின் காலில் மின்னிய கறுப்புக்குப் பின்னால் இப்படிப் பல சின்னக் கைகள்.

ஆக, கறுப்பு என்பது முதலில் வசதி. பிறகு பழக்கம். பிறகு மரியாதை. வங்கி, நீதிமன்றம், அலுவலகம் எல்லாம் நகரத்தில்தானே இருந்தன? அலுவலகத்தின் நிறமே கறுப்பு என்றாகிவிட்டது.

கிராமத்தின் நிறம்

பிரவுன் எங்கே இருந்தது? கிராமத்தில்.

மரப்பட்டையில் பதனிட்ட தோல் இயல்பாகவே பழுப்பு. இங்கிலாந்தில் ஓக் மரப்பட்டை. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை. (இங்கே ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் 19ஆம் நூற்றாண்டில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது.) அதற்குக் கறுப்பு ஏற்றுவது கூடுதல் வேலை. வேட்டைக்கும் வயல்வெளிக்கும் போகிறவனுக்கு அது எதற்கு? மண்ணில் நடக்கிற ஷூ மண் நிறத்திலேயே இருந்தால் போதும். புள்ளி புள்ளியாகத் துளை போட்ட 'புரோக்' ஷூவும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து சதுப்பு நிலத்திலிருந்து வந்ததுதான். புகுந்த தண்ணீர் வெளியேறத்தான் அந்தத் துளைகள் என்பார்கள். இன்று அது வெறும் அலங்காரம்.

பணக்கார ஆங்கிலேயருக்கு இரண்டு வீடு. வாரநாளில் லண்டன், வாரக்கடைசியில் கிராமத்து மாளிகை. லண்டனில் கறுப்பு ஷூ, கிராமத்தில் முரட்டுக் கம்பளி ட்வீட் கோட்டும் பிரவுன் ஷூவும். இதிலிருந்து பிறந்ததுதான் 'நகரத்தில் பிரவுன் கூடாது' என்ற விதி. ஆங்கிலத்தில் பிரவுன், டவுன் என்று எதுகையோடு வரும்.

இந்த விதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு வீடு உள்ளவனுக்கு இரண்டு ஜோடி ஷூ. எதை எங்கே போடுவது என்பது அவனுக்குத் தானாகத் தெரியும். ஒரே ஜோடி வாங்கக்கூடிய குமாஸ்தா தவறான நிறத்தை வாங்கிவிட்டால் மாட்டிக்கொண்டான். லூயி மன்னர் ஆணை போட்டுச் செய்ததை, லண்டன் ஆணையே இல்லாமல் செய்துவிட்டது.

வெள்ளை: ஓய்வின் நிறம்

வெள்ளை ஷூவின் கதையும் இதே மாதிரிதான். கிரிக்கெட், டென்னிஸ், படகுச் சவாரி. வெள்ளையைச் சுத்தமாக வைத்திருக்க நேரம் வேண்டும், இல்லை வேலைக்காரர் வேண்டும். ஆகவே அது ஓய்வு உள்ளவர்களின் நிறம். விம்பிள்டனில் இன்றும் ஷூ ஏறக்குறைய முழுக்க வெள்ளையாக இருந்தாக வேண்டும், அடிப்பாகம் உட்பட. 2013இல் ரோஜர் ஃபெடரர் ஆரஞ்சு நிற அடிப்பாகத்தோடு முதல் ஆட்டம் ஆடினார். அடுத்த ஆட்டத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஏழு முறை சாம்பியனுக்கே இந்தக் கதி!

இளவரசர் செய்தால் ஃபேஷன்

விதியை முதலில் உடைத்தவர் யார்? விதியால் எந்த நஷ்டமும் வராத ஒருவர்தான். பின்னால் 8ஆம் எட்வர்டாகி 1936இல் முடி துறந்த வேல்ஸ் இளவரசர், 1920களில் சூட்டோடு பிரவுன் ஸ்வேட் ஷூ போட ஆரம்பித்தார். ஸ்வேட் என்பது தோலின் உட்புறத்தைத் தேய்த்து வெல்வெட் போல ஆக்கியது. அதுவரை நாகரிகமான ஆண் நகரத்தில் அதைப் போடமாட்டான். இளவரசர் போட்டதும் அமெரிக்கக் கடைகள் பார்த்துப் பார்த்துப் பின்பற்றின. இதையே ஒரு குமாஸ்தா செய்திருந்தால்?

அதற்கும் பதில் இருக்கிறது. அதே காலத்தில் வெள்ளையும் பிரவுனும் கலந்த இரட்டை நிற ஷூ பிரபலமானது. பிரிட்டனில் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'கோ-ரெஸ்பாண்டென்ட் ஷூ'. விவாகரத்து வழக்கில் மனைவியின் கள்ளக்காதலனாகக் கூண்டில் நிறுத்தப்படும் ஆளுக்குச் சட்டத்தில் உள்ள பெயர் அது! காலில் இரண்டு நிறம் என்றால் ஆளே சரியில்லை என்று அர்த்தம்.

தூசியும் சுரங்கமும் பாலைவனமும்

இன்றைய கேஷுவல் உடை பெரும்பாலும் லண்டன் அலுவலகத்தில் பிறக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

காக்கி: 1840களின் பிற்பகுதியில் பெஷாவர் பக்கம், ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரியின் படை வெள்ளைச் சீருடையைத் தூசி நிறத்துக்கு மாற்றியது. காக் என்றால் உருதுவில் தூசி. பிறகு உலகப் படைகளெல்லாம் காக்கிக்கு வந்தன. அமெரிக்கத் தரைப்படை 1950களின் நடுப்பகுதி வரை பிரவுன் ஷூதான் அணிந்தது. பழைய சிப்பாய்கள் அந்தக் காலத்தைப் 'பிரவுன் ஷூ ஆர்மி' என்றே சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து அரசு உதவியோடு கல்லூரிக்கு வந்த வீரர்கள் காக்கி பேண்ட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். அங்கே அது லோஃபரோடு சேர்ந்துகொண்டது. லேஸ் இல்லாமல் காலை நுழைத்துக்கொள்ளும் இந்த ஷூவை 1936இல் 'வீஜன்ஸ்' என்ற பெயரில் பாஸ் கம்பெனி விற்க ஆரம்பித்திருந்தது. மாதிரி நார்வே நாட்டுக் காலணி.

ஜீன்ஸ்: லெவி ஸ்ட்ராஸும் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் 1873இல் காப்புரிமை பெற்றது உழைப்பாளிகளின் பேண்ட்டுக்கு. சுரங்கத்திலும் பண்ணையிலும் போடுவதற்கு.

பாலைவன பூட்: கிளார்க்ஸ் ஷூக் குடும்பத்தைச் சேர்ந்த நேதன் கிளார்க் போர்க்காலத்தில் பர்மாவில் ராணுவ அதிகாரி. எகிப்திலிருந்து வந்த அதிகாரிகள் கெய்ரோ கடைத்தெருவில் தைத்த மணல் நிற ஸ்வேட் பூட்ஸ் போட்டிருந்ததைக் கவனித்தார். ஊருக்கு வந்து அதே மாதிரி செய்தார். சொந்தக் கம்பெனியிலேயே வரவேற்பு இல்லை. 1949இல் சிகாகோ ஷூ கண்காட்சியில் அமெரிக்கர்கள் வரவேற்ற பிறகுதான் கதை மாறியது.

பொதுவாக என்ன தெரிகிறது? தூசி, மண், மணல். இந்த உடைகளோடு பிரவுன் குடும்பத்து நிறங்கள் ஏன் இயல்பாகப் பொருந்துகின்றன என்பதற்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை. அவை பிறந்த ஊர் ஒன்று.

நீலமும் சிவப்பும்

அடுத்து வந்தவர்கள் பொருத்தம் பார்க்கவே மறுத்தவர்கள். 1956இல் கார்ல் பெர்கின்ஸும் எல்விஸ் பிரெஸ்லியும் பாடிய 'புளூ ஸ்வேட் ஷூஸ்' நீல ஷூவையே இளைஞர்களின் அடையாளமாக்கியது. 1985 பிப்ரவரியில், மைக்கேல் ஜோர்டான் அணிந்த கறுப்பு-சிவப்பு ஷூ விதிக்குப் புறம்பானது என்று என்பிஏ கூடைப்பந்து நிர்வாகம் நைக்கி கம்பெனிக்குக் கடிதம் எழுதியது. நைக்கி என்ன செய்தது? தடையையே விளம்பரமாக்கியது. மார்க்கெட்டிங் வகுப்பில் பாடமாக வைக்கலாம். ஷூ நிறக் கட்டுப்பாட்டை என்பிஏ முழுக்க நீக்க 2018 ஆனது.

அலுவலகக் கதவு திறந்தது

லண்டனில் கறுப்புக்குக் காரணமான புகை, 1952 டிசம்பரின் கொடிய பனிப்புகைக்குப் பிறகு வந்த 1956 தூய காற்றுச் சட்டத்தால் குறைய ஆரம்பித்தது. குதிரைகள் அதற்கு முன்பே போய்விட்டன. காரணம் போனது. விதி மட்டும் போகவில்லை.

அமெரிக்காவில் அதை அசைத்ததும் வியாபாரம்தான். 1986இல் லெவிஸ் கம்பெனி 'டாக்கர்ஸ்' என்று காக்கி பேண்ட் வகையைக் கொண்டுவந்தது. 1992இல் அலுவலகத்துக்கு ஏற்ற கேஷுவல் உடை எது என்று ஒரு வழிகாட்டிப் பிரசுரம் அச்சடித்து, ஏறத்தாழ 25,000 மனிதவள அதிகாரிகளுக்கு அனுப்பியது. வெள்ளிக்கிழமை கேஷுவல் பழக்கம் வேகம் பிடித்தது. காக்கி பேண்ட் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, பிரவுன் ஷூவும் கூடவே நுழைந்தது.

சரி, எதற்கு எது?

வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உடை எங்கே பிறந்தது என்று கேட்டால் போதும்.

- காக்கி, சினோஸ்: பிரவுன். பேண்ட்டைவிட ஷூ கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால் எடுப்பு.
- நீல ஜீன்ஸ்: பிரவுன் பூட்ஸ், மணல் நிற ஸ்வேட், வெள்ளை ஸ்னீக்கர் மூன்றும் பொருந்தும். பளபளக்கும் கறுப்பு ஆபீஸ் ஷூ மட்டும் ஒட்டாது. அது வேறு ஊர்க்காரர்.
- கருநீல பேண்ட்: அடர் பிரவுன், அல்லது ஆக்ஸ்பிளட் என்கிற கருஞ்சிவப்பு.
- சாம்பல்: கறுப்பும் வரும், கருஞ்சிவப்பும் வரும்.
- கறுப்பு ஜீன்ஸ்: கறுப்பு, அல்லது முழு வெள்ளை.
- ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால்: கேஷுவலுக்கு அடர் பிரவுன். நேர்முகத் தேர்வும் வரப்போகிறது என்றால் கறுப்பு.

கடைசி வரியில் உள்ள அநியாயத்தைக் கவனித்தீர்களா? பணம் உள்ளவர் இரண்டும் வாங்கிவிடுவார். இல்லாதவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் சரியாக. சேறும் கரியும் போட்ட விதியை யாரோ ஒரு தேர்வாளர் இன்னமும் தராதரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதுவரை ஒன்று செய்யலாம். இந்த விதி தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடலாம். நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் அது ரகசியம் இல்லை. ரகசியம் இல்லையென்றால் அதை வைத்து யாரையும் வெளியே நிறுத்தவும் முடியாது.